பழவேற்காட்டுக் கத்ரைனும் என் அத்தையும்

அத்தை இறந்த பதினெட்டாம் நாள், அவளுடைய இறப்பைப் பதிவு செய்யப் போயிருந்தேன். 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். படிவத்தில் இறந்தவரின் தொழில் என்றொரு கட்டம் உண்டு. சான்றிதழில் அது அச்சாகி வராது, புள்ளிவிவரத்துக்காகக் கேட்கிறார்கள். நான் ‘மீன்பிடித் தொழிலாளி’ என்று எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு ‘இல்லத்தரசி’ என்று எழுதினார். “பொம்பளைங்க மீன் விப்பாங்க மேடம், புடிக்க மாட்டாங்க” என்று விளக்கமும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சுண்ணாம்புக்குளத்துக்குத் திரும்பும் பேருந்தில்தான் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல். நெய்தல் திணைப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவள் நான். வகுப்பில் பெண் உழைப்பு, வரலாற்றின் மௌனம் என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிறவள். ஒரு கோட்டைப் பார்த்து, “இல்லைங்க, அவங்க நாற்பது வருஷம் இறால் புடிச்சாங்க” என்று சொல்ல வாய் வரவில்லை.

அத்தையை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். அச்சில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்பதும், நம் பெண்களுக்கு அந்த ‘ர்’ கிடைக்க எவ்வளவு காலமானது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அத்தையை ‘அவர்’ என்று சொன்னால் யாரோ வெளியார் வந்திருக்கிறார் என்று பாய் விரிப்பார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது; தமிழ்நாட்டுக்கு வந்தது தெற்கு ஓரம் மட்டும். பாதிப் பேச்சு தெலுங்கு கலந்துதான் இருக்கும். ஏரியின் அடிச் சேற்றில் புதைந்து கிடக்கும் கிளிஞ்சலைத் தோண்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இந்தக் கரைகளின் பழைய தொழில்களில் ஒன்று. பக்கிங்காம் கால்வாய் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் விறகும் கிளிஞ்சலும் படகேறிச் சென்னைக்குப் போயின. சென்னையின் பழைய சுவர்களைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஏரி நினைவுக்கு வரும். அது கவிஞர்களின் கெட்ட பழக்கம்.

அத்தையின் வேலைக்குப் பெயர் ‘தடவுறது’. வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீர் வடிந்த நேரமாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக ஏரிக்குள் இறங்குவார்கள். முழங்கால் ஆழத்தில் தொடங்கி இடுப்பளவு வரை போவார்கள். பிறகு குனிந்து, சில இடங்களில் கழுத்து வரை தண்ணீரில் அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் பகலில் சேற்றில் பதுங்கும். விரலில் பட்ட நொடியில் அதை அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தால் பறியை எதில் பிடிப்பது? பல்லில். பனையோலையில் முடைந்த அந்தச் சிறு கூடையின் விளிம்பைக் கடித்தபடியே மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். வேலையின்போது அவர்கள் பேச முடியாது. ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கிய அத்தை ஏரிக்குள் ஊமை.

சேற்றுக்குள் இறால் மட்டுமா இருக்கும்? கெளுத்தி முள் இருக்கும், நண்டின் கொடுக்கு இருக்கும், மட்டிச் சில்லு கத்திபோல் நிற்கும். அத்தையின் கையில் ரேகை பார்க்க முடியாது. வெட்டுக்காயங்கள் மேலும் கீழுமாக ஓடி, எது விதி எது மட்டி என்று தெரியாதபடி ஆகியிருந்தது. அவளுடைய முன்பல் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. சிரிக்கும்போது தெரியும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். போட்டோவுக்குச் சிரிக்கவே மாட்டாள்.

வந்த இறாலை வியாபாரியிடம் போட வேண்டும். அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆகவே விலையை அவர்தான் சொல்வார். கடன் தீராது, இறாலும் வேறு ஆளிடம் போகாது. இப்படியே நாற்பது வருஷம்.

இந்த ஏரியில் மீன்பிடி உரிமைக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பழவேற்காட்டுப் பக்கம் பட்டினவர் ஊர்களில், இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை யார் எந்த நாளில் வலைகட்டி மீன்பிடிப்பது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை இல்லாமல், எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி, அரசாங்கம் எதுவும் சொல்லாமலே மீனவர்கள் உண்டாக்கிய ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழத்தக்கதுதான். ஆனால் அந்த முறையில் பங்குபெறத் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது அந்தச் சமூகத்து ஆணாக இருக்க வேண்டும். தடவிப் பிடிக்கும் பெண்களில் பெரும்பாலோர் இருளர் பெண்கள், தலித் பெண்கள். பாட்டுச் சீட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆழமான இடமெல்லாம் முறைப்படி பிரிந்துபோன பின் மிஞ்சுகிற கரையோரச் சேறு அவர்களுக்கு. எங்கள் குடும்பமும் பாடு இல்லாத குடும்பம்தான்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிமூட்டையோடு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. எனக்குப் பதினாறு வயதாகும்போது அவளே ஒருநாள் இறால் உரித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதைபோல. “ஒரு நாளு அடிச்சான், வாங்கிக்கினேன். இன்னொரு நாளு அடிச்சான், வாங்கிக்கினேன். மூணாவது நாளு நான் கைல இருந்தத தூக்கி அடிச்சேன். நல்லவேள, செவுத்துல பட்டுது.” நல்லவேளை என்றாளே, அதை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை.

எனக்கு வீட்டில் தோழி என்றால் அவள்தான். முதல் மாதவிலக்கு அன்று அம்மாவிடம் போகாமல் அவளிடம் போனேன். பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை பார்த்தபோது, “அவ படிக்கட்டும்டா, ஏரி எங்க போயிடப் போவுது” என்று அப்பாவிடம் சொல்லி நிறுத்தியவளும் அவள்தான். சென்னையில் விடுதிக் கட்டணத்தில் பாதி இறால் பணம். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏற்றிவிட வரும்போது பணத்தைச் சுருக்குப் பையோடு தருவாள். பணத்தில் சேற்று வாசனை அடிக்கும். விடுதி மேசையில் எண்ணித் தரும்போது கூச்சமாக இருக்கும் எனக்கு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆய்வேட்டைக் கட்டமைத்து வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன். எழுத்துத் தெரியாது. எடையைப் பார்த்தாள். “இதுல இறா கீதா?” என்றாள். இருக்கிறது என்றேன். சங்கப் பாடல்களில் இறவு என்று வரும். நெய்தல் தலைவி காயப்போட்ட மீனைப் பறவைகள் கொத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பாள், அதுவும் வரும் என்றேன். “புடிக்கறது யாரு?” அண்ணன்மாரும் தந்தைமாரும் என்றேன். “ஓ” என்று ஆய்வேட்டைத் திருப்பித் தந்தாள்.

பட்டம் வாங்கிய அந்த வருஷம் அவளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏரிக்கு எதிர்க்கரைதான், ஆனால் சாலை வழியே கவரைப்பேட்டை, பொன்னேரி என்று சுற்றிப் போக வேண்டும். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கற்கள். பெரிய பெரிய கருங்கல் பலகைகள். அவற்றில் குடும்பச் சின்னங்கள், கொடிகள், பூ வேலைப்பாடுகள், நுணுக்கமான எழுத்து. 1897இல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி, சென்னை மாகாணத்திலுள்ள டச்சு நினைவுச் சின்னங்களைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறார். மாமரத்து எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இதையெல்லாம் அத்தைக்குச் சொன்னேன்.

அவள் ஒவ்வொரு கல்லையும் தன் கையால் தடவிப் பார்த்தாள். பழக்கதோஷம். பிறகு கேட்டாள்: “இவங்களுக்குத் தண்ணி மொண்டு ஊத்துனவங்கள எங்க பொதச்சாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் தமிழ்த் துறையை விட்டு எட்டிப் பார்த்து, வரலாற்று நூல்களுக்குள் போனேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது 1613இல். கட்டியவர் வெம்மர் வான் பெர்கெம். தன் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். பழவேற்காட்டுத் துணி போன நாடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இங்கே துணி வாங்கி, கிழக்கே கொண்டுபோய் அதற்கு மாற்றாக மிளகு, ஜாதிக்காய், கிராம்பு வாங்கினார்கள். அச்சுதப்பச் செட்டி, சின்னண்ணச் செட்டி ஆகிய பெருவணிகர்களின் பெயர்கள் கம்பெனி ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. பள்ளிப் பாடத்திலும் துணியும் மிளகும் வரும்.

மூன்றாவது சரக்கு ஒன்று இருந்தது. 1621இல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தார். தோட்டம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் உண்டாக்கப்பட்ட பத்தேவியா நகரத்துக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஆள் தேவைப்பட்டது. 1622–23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதாக மார்கஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர் கணக்குக் காட்டுகிறார். பிறகு 1659இலிருந்து 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டார்கள். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். பஞ்சம் வந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் கம்பெனி வாங்கும். சொந்தப் பிள்ளையை விற்றவர்களும் இருந்தார்கள், தன்னையே விற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அப்படிப் போனவர்களுக்கு இந்தக் கரையில் கல் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் வாழ்க்கை மட்டும் ஓரளவு தெரிகிறது. காரணம், அவள் ஒரு ஆளைக் கொன்றாள்.

ஆவணங்களில் அவள் பெயர் க்ரோட்டெ கத்ரைன் வான் பாலியாகட்டெ. பழவேற்காட்டைச் சேர்ந்த பெரிய கத்ரைன் என்று பொருள். 1631 வாக்கில் பிறந்தவள். பத்தேவியாவில் அடிமையாக இருந்தாள். அவளுக்கு ஒரு காதலன். அவனும் அடிமை, அவனும் நம் நாட்டுக்காரன்தான். மலபாரைச் சேர்ந்த கிளாஸ் என்று அவனை எழுதியிருக்கிறார்கள். 1656இல் அவன் அவளைத் தாக்கினான். அவள் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துபோனான்.

தற்காப்புதான், ஆனாலும் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அது குறைக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் என்றானது. ஆப்பிரிக்காவின் தென்முனையில் கம்பெனி புதிதாக ஒரு குடியிருப்பைத் தொடங்கியிருந்தது. கிழக்கே போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் ஏற்றித்தர 1652இல் யான் வான் ரீபேக் அமைத்தது. அங்கே 1657இல் கத்ரைன் கைதியாக இறக்கப்பட்டாள். கேப் குடியிருப்பில் பதிவான முதல் பெண் கைதி அவள். தளபதி வீட்டுத் துணிகளை வெளுப்பது அவள் வேலையாக இருந்தது. வான் ரீபேக் போய் அடுத்தடுத்த தளபதிகள் வந்தார்கள், வெளுப்பவள் மாறவில்லை.

இதை முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. காரணம், அந்த ‘நல்லவேள, செவுத்துல பட்டுது.’

அடுத்த வாரமே கவிதை ஒன்று எழுதினேன். அதில் கத்ரைன் பழவேற்காட்டுச் சிறுமி. இடுப்பளவுத் தண்ணீரில், பல்லில் பறியோடு, சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும்போது பிடித்துக்கொண்டு போகிறார்கள். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. ஊருக்குப் போய் அத்தைக்குக் கதையைச் சொல்லி, கவிதையையும் வாசித்துக் காட்டினேன்.

“அவ ஏரில எறங்குனது உனக்குத் தெரியுமா?”

“தெரியாது அத்த. சும்மா, கற்பனை.”

“அப்ப எடுத்துடு. என் பறிய நான் யாருக்கும் தரல.”

சரியான விமர்சனம். பாலியாகட்டெ என்பது அவள் ஏறிய துறைமுகத்தின் பெயராகவே இருக்கலாம். உள்நாட்டிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்துதான் பழவேற்காட்டில் ஏற்றினார்கள். நெசவு வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், கழனிப் பெண்ணாக இருக்கலாம். கத்ரைன் என்பதும் அவள் வீட்டில் வைத்த பெயராக இருக்காது. வாங்கியவர்கள் வைத்த பெயர், ஏற்றிய இடத்தின் பெயர், கூடவே ‘பெரிய’ என்று ஒரு அடைமொழி. மூன்றில் ஒன்றும் அவளுடையது இல்லை. அதன் மேல் நான் நான்காவதாக ஒரு பறியை மாட்டப் பார்த்தேன். கவிதையைக் கிழித்துவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் வந்திருக்கும், பாராட்டும் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணிய எழுத்தில் நமக்கு இந்த ஆபத்து அதிகம். பேசாத பெண் கிடைத்தால் நம் குரலை அவள் வாயில் வைத்துவிடுகிறோம்.

ஆனால் அத்தை அவளை விடவில்லை. வாரம் ஒரு முறை போனில் பேசும்போது, “உன் கத்ரி இன்னா ஆனா?” என்பாள். துபாய்க்கு வேலைக்குப் போன சொந்தக்காரப் பெண்ணை விசாரிப்பதுபோல இருக்கும். அவளுக்காகத்தான் தொடர்ந்து தேடினேன். கேப்பின் தொடக்ககாலப் பெண்களைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் மான்செல் உப்ஹாம். அவரைப் போன்றவர்கள் நீதிமன்றத் தாள்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் சலித்துச் சலித்துச் சேர்த்தவற்றிலிருந்து ஒவ்வொன்றாக அத்தைக்குச் சொன்னேன்.

கேப்பில் கத்ரைனுக்கு ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற சிப்பாயோடு உறவு. காவலுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் இவளிடம் வந்துவிட்டான் என்று அவன்மேல் வழக்கு. ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். முன்னூறு வருஷம் கழித்து மண்டேலாவை அடைத்தார்களே, அதே தீவு. “காவல உட்டுட்டு வந்தானா!” என்று அத்தை வாயைப் பொத்தாமலே சிரித்தாள், போனில்தானே, பல் தெரியாது. கத்ரைன் 1668இல் ஞானஸ்நானம் பெற்றாள். மறு வருஷம் மார்ச்சில் அவளுடைய மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தகப்பனின் பெயரையே அவனுக்கு வைத்தாள், கிறிஸ்டோஃபல். பிறகு மன்னிப்புக் கிடைத்து விடுதலையானாள். 1671இல் அந்தோனி யான்ஸ் என்பவரை மணந்தாள். வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்றவர் அவர். “அவன் அடிச்சானா?” என்பது அத்தையின் அடுத்த கேள்வி. அப்படி வழக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை என்றேன். “வழக்கு இல்லன்னா அடிக்கலன்னு அர்த்தமா?” என்றாள். கத்ரைன் 1680களின் தொடக்கத்தில் இறந்துபோனாள்.

மகன் பிழைத்தான். விவசாயியானான். மதக் கொடுமைக்குத் தப்பி 1688இல் கேப்புக்கு வந்த பிரெஞ்சு புரொட்டஸ்டண்ட் குடும்பங்களில் ஒன்று யாக் தெ சவோயின் குடும்பம். அவருடைய மகள் மார்கரித் தெரேசை மணந்தான். அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று பெருகி, இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்பது பரவலான குடும்பப் பெயர். வெள்ளை ஆப்பிரிக்கானர் பெயராகவே அறியப்பட்ட பெயர். 1949இல் கலப்பு மணத்தைத் தடைசெய்து அங்கே சட்டம் வந்தது. 1950இல் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டில் வெள்ளையர் என்று எழுதிக்கொண்டவர்களில் பழவேற்காட்டிலிருந்து போன ஒரு அடிமைப் பெண்ணின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். 1980களில் ஹான்ஸ் ஹீஸ என்ற வரலாற்றாசிரியர் இப்படிப்பட்ட பழைய கலப்பு மணங்களைப் பெயர்களோடு தொகுத்து வெளியிட்டபோது அங்கே பெரிய கொந்தளிப்பே ஏற்பட்டது. பாட்டியின் பெயரைச் சொன்னால் அவமானம் என்று வழக்குவரை போனவர்கள் உண்டு. இப்போது நிலைமை தலைகீழ். வம்சாவளி தேடுவது அங்கே பெரிய ஆர்வமாகிவிட்டது. கத்ரைனைத் தங்கள் ஆதித்தாய் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அங்க இருக்கறவங்க நெனைக்கிறாங்க. இங்க இருந்து போனவள இங்க யாரு நெனச்சாங்க? அவளுக்கு அம்மா இருந்திருப்பா இல்ல? அந்தம்மா எத்தினி நாளு கரைல நின்னிருப்பா?” என்றாள்.

கரையில் நிற்பவளைப் பற்றி எந்த நூலும் எழுதியிருக்கவில்லை. அடிமை வணிகம் பற்றிய கணக்கெல்லாம் கப்பலில் ஏறிய தலைகளின் கணக்கு. ஏற்றிவிட்டுத் திரும்பிய வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்பதற்குக் கம்பெனியிடம் பேரேடு இல்லை. நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது. ஆனால் ஒப்பாரியும் பிணம் இருந்தால்தான் வைப்பார்கள்.

அத்தையின் சாவில் ஒப்பாரி வைத்தவர்கள் அவளோடு ஏரியில் இறங்கிய பெண்கள். உறவுக்காரப் பெண்கள் வழக்கமானதைப் பாடினார்கள்: பட்டுச் சேலை, பூ, பொன். அதில் எதையும் அத்தை கண்டதில்லை. அவளோடு முப்பது வருஷம் வரிசையில் பக்கத்து இடத்தில் நகர்ந்த கூட்டாளியம்மா மட்டும் வேறு மாதிரி பாடினார். எந்தெந்த மேட்டில் அவள் கை எவ்வளவு இறால் எடுத்தது, எந்த வருஷம் கெளுத்தி குத்திக் கை வீங்கியது, வியாபாரி எந்த ஊரில் கணக்கை ஏமாற்றினான், அவள் என்ன திட்டினாள் என்று பெயர் பெயராக, இடம் இடமாக வந்துகொண்டே இருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வு செய்தவள் என்பதால் பாதி மனம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னது. வெட்கப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். இப்போது அந்த இடப்பெயர்களில் பாதி மறந்துவிட்டது. எழுதியிருக்க வேண்டும்.

இறப்பைப் பதிந்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் கூட்டாளியம்மா வீட்டுக்கு வந்தார். படிவத்தில் கோடு போட்ட கதையைச் சொன்னேன். “இல்லத்தரசியா? இல்லத்துல எங்க இருந்தா அவ?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நான் மறுபடி போனேன். மூன்று நாட்கள் கழித்து, 21ஆம் நாள். திருத்த வேண்டும் என்றேன். அச்சாகப் போவதில்லையே, எதற்கு மேடம் என்றார் அவர். அச்சாகாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கில் போகட்டும் என்றேன். தடவுவது என்றால் என்ன என்று பத்து நிமிஷம் சொன்னேன். பறியைப் பல்லில் கடிப்பதைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். அடித்ததன் மேல் மறுபடி அடித்து, ஓரத்தில் ‘இறால் பிடித்தல்’ என்று பொடியாக எழுதினார்.

அதைச் சொல்லக் கூட்டாளியம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அத்தையின் பறி எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டு இறவாரத்தில் செருகியிருந்தது. நான் அதைச் சென்னைக்கு எடுத்துப்போய் என் அறையில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று நினைத்திருந்தேன். விளிம்பில் ஒரு இடத்தில் ஓலை கறுத்து, பல் பதிந்து, வழவழப்பாக இருக்கும்.

“நல்ல பறிம்மா அது. இப்ப யாரு அப்பிடி மொடையறாங்க. என்னுது பிஞ்சி போச்சி” என்றார்.

எடுத்து வந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொம்புத் தண்ணீரில் விளிம்பை நனைத்து, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பல் பதிந்த இடத்தைத் தவிர்த்து, சற்றுத் தள்ளி. காலையில் தண்ணீர் வடியும், ஆறு மணிக்கெல்லாம் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.